அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீட்டை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாமா? மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மதுரையை அடுத்த கப்பலூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஆண்டுதோறும் மார்ச் மாத நடுவில் ஒரு படிவம் மேசைக்கு வரும். ஊழியர்களுக்கான குழு மருத்துவக் காப்பீடு ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுவதால், அதற்கு முன்பாகக் குடும்பத்தாரின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். மற்ற ஆண்டுகளில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த வேலை 2026 மார்ச்சில் அப்படி முடியவில்லை. படிவத்தின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: காப்பீடு தேவையில்லை என்று எழுதிக்கொடுப்பவர்களுக்கு மாதம் 500 ரூபாய் சம்பளத்தோடு சேர்த்து வழங்கப்படும். எங்கள் பிரிவில் உள்ள ஒன்பது பேரில் நான்கு பேர் அன்றைக்கே அந்தக் கட்டத்தில் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்கு அரசின் காப்பீடு உண்டு என்பதால் நானும் ஏறக்குறைய அந்த முடிவில்தான் இருந்தேன். ஆனாலும் கையெழுத்திடும் முன், இந்த மூன்று ஆண்டுகளில் குழுக் காப்பீடு எங்களுக்கு என்ன செய்தது, எங்கே கைவிட்டது என்பதை ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் காப்பீட்டின் உள்ளடக்கம். எனக்கும் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். இதற்கான பிரீமியம் முழுவதையும் நிறுவனமே கட்டுகிறது. பெற்றோரைச் சேர்க்க விரும்பினால் அவர்களுக்குத் தனியாக 2 லட்சம் ரூபாய்; அதற்கான பிரீமியம் நம் சம்பளத்தில் பிடிக்கப்படும். அறை வாடகை ஒரு நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதத்துக்கு மேல் கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு சதவீதம். பெற்றோரின் சிகிச்சை என்றால் ஏற்கப்படும் தொகையில் பத்து சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும். கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு 25,000 ரூபாய் என்ற வரம்பு உண்டு. பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம், அதாவது சேர்ந்த பிறகு பணம் கேட்க முடியாத காலம், இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தின் முழு மதிப்பும் எனக்குத் தெரிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை எல்லா ஊழியருக்கும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் உற்பத்திப் பிரிவில் சிலர் அந்த 500 ரூபாய் தங்களுக்கும் வரும் என்று நினைத்துக் கேட்டார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் கீழ் வருகிறார்கள். இந்த வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. 2019 ஜூலையிலிருந்து ஊழியரின் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 150 ரூபாய் பிடித்தம், நிறுவனம் கட்டுவது 650 ரூபாய். அது சட்டப்படியான பிடித்தம்; அதில் இருந்து எழுதிக்கொடுத்து விலக இடமே இல்லை. விலக நினைக்கவும் தேவையில்லை என்பது என் கருத்து. உடல்நிலை சரியில்லாமல் விடுப்பில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தரும் தனியார் மருத்துவக் காப்பீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்கும் தொடக்கத்தில் இ.எஸ்.ஐ.தான். சொந்த வருமானம் இல்லாத அம்மாவையும் அதில் சேர்த்திருந்தேன். அவருக்குச் சர்க்கரை பல ஆண்டுகளாக உண்டு, இரத்த அழுத்தம் அதற்குச் சற்றுப் பிந்தி வந்தது. தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவோம். 2022 மே மாதத்தில் என் சம்பளம் 20,600 ரூபாயில் இருந்து 22,100 ரூபாய் ஆனது. சம்பளம் உயர்ந்த மகிழ்ச்சியில் இ.எஸ்.ஐ. போகும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. விதிப்படி அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் வரை பிடித்தம் தொடர்ந்தது. அந்தப் பிடித்தத்துக்காகச் சிகிச்சை பெற உரிமையுள்ள பயன் காலம் 2023 ஜூனுடன் முடிந்தது. மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக வந்த அதே நேரத்தில், அறுபதைத் தாண்டிய, இரண்டு நாள்பட்ட நோய்கள் உள்ள அம்மாவுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போகும் நிலை. நல்லவேளையாக 2023 மார்ச்சில் வந்த படிவத்தில் பெற்றோர் பகுதியில் 'ஆம்' என்று குறித்துக் கொடுத்தேன். அந்த ஆண்டு அதற்கு 9,000 ரூபாயும் வரியும் பிடித்தார்கள். அப்போது அது எனக்கு அதிகமாகவே பட்டது.

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள். நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் செல்பேசியில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். சர்க்கரை எத்தனை ஆண்டாக இருக்கிறது என்று மருத்துவர் படிவத்தில் எழுதினார். அந்த வரியால் கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தரும் வசதி, நின்றுவிடும் என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை முதற்கட்ட ஒப்புதல் வந்துவிட்டது. சேர்ந்து பத்து மாதம்கூட ஆகாத ஒரு காப்பீடு, பதினோரு ஆண்டுச் சர்க்கரை நோயாளியின் அறுவைக்கு மறுப்பில்லாமல் பணம் தந்தது. இதை நான் குழுக் காப்பீட்டின் முதல் சிறப்பாகவும் ஏறக்குறைய ஒரே சிறப்பாகவும் வைக்கிறேன்.

அடுத்து நடந்தது என் அறியாமையால் வந்த இழப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டி எடுத்துச் சொல்வதில்லை. இருவர் தங்கும் அறைக்கு நாள் வாடகை 1,900 ரூபாய், தனி அறைக்கு 3,200 ரூபாய் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமினாலே அம்மாவுக்குத் தூக்கம் வராது. நாளுக்கு 1,300 ரூபாய் கூடுதல், மூன்று நாளுக்கு நாலாயிரம்கூட வராது, அதை நாமே தந்துகொள்ளலாம் என்று தனி அறைக்குக் கையெழுத்திட்டேன். அம்மாவின் காப்பீட்டுத் தொகை 2 லட்சம். ஒரு சதவீதம் என்றால் அவருக்குரிய வாடகை வரம்பு 2,000 ரூபாய். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் அறை வாடகையின் வித்தியாசத்தோடு விஷயம் முடிவதில்லை. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் என்று அறையின் தரத்தோடு சேர்ந்து ஏறும் கட்டணங்கள் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். எங்கள் கணக்கில் அது 3,200க்கு 2,000, அதாவது 62.5 சதவீதம்.

மொத்த பில் சரியாக ஒரு லட்சம் ரூபாய். அதில் மூன்று நாள் அறை வாடகை 9,600, ஏற்றது 6,000. மருத்துவர்கள், அரங்கு, செவிலியர் கட்டணம் 64,000; ஏற்றது 40,000. மருந்து, பரிசோதனை, இதர பொருள்கள் 26,400. அதில் கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்றவை 4,800 ரூபாய் கழிந்து 21,600 ஏற்றார்கள். மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்தும் சாதனம், பரிசோதனை ஆகியவற்றின் மேல் இந்த விகிதப் பிடித்தம் கூடாது என்று 2020இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்திருந்ததால் அந்தப் பகுதி தப்பித்தது. ஆக 67,600, அதில் பத்து சதவீதம் எங்கள் பங்கு போக, காப்பீடு தந்தது 60,840 ரூபாய். நான் கட்டியது 39,160 ரூபாய். மருத்துவர் கட்டணங்கள் அதே அளவில் இருந்திருந்தால், இருவர் அறையில் தங்கியிருந்தபோது நான் கட்ட வேண்டியிருந்தது 13,930 ரூபாய். மூன்று இரவு தனி அறைக்கு நான் தந்த உண்மையான விலை 25,230 ரூபாய். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கே இந்தக் கணக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

வீடு திரும்பிய அன்றைய காத்திருப்பும் நினைவில் நிற்கிறது. காலை பத்து மணிக்கு மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். மருத்துவமனை இறுதிப் பில்லை அனுப்பி, காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் கோரிக்கைகளைச் சரிபார்க்க இடையில் நிற்கும் டி.பி.ஏ. நிறுவனம் அதைப் பார்த்து, இரண்டு விளக்கம் கேட்டு, ஒப்புதல் வந்து சேர மாலை ஆறரை. அம்மா வெளிக்கூடத்து நாற்காலியில் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2024 மே மாதம் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையில், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும் ஒப்புதலுக்கு மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். மருத்துவமனை எத்தனை மணிக்குப் பில்லை அனுப்பியது என்பதை நாம் கேட்டுக் குறித்துக்கொண்டால்தான் இந்த விதி நமக்குப் பயன்படும்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இதை ஏன் விடவில்லை என்றால், வெளியே போய் விசாரித்ததால்தான். அறுவை முடிந்த பிறகு அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாலிசி தராமல் இருக்க நிறுவனங்களுக்குப் பிடிமானமாக இருந்த வயது வரம்பு 2024 ஏப்ரலில் நீங்கியது. அம்மாவுக்கு அப்போது 66. சர்க்கரை, இரத்த அழுத்தம், பித்தப்பை அறுவை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி விண்ணப்பித்தோம். இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு 5 லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டது: ஒவ்வொரு கோரிக்கையிலும் இருபது சதவீதம் எங்கள் பங்கு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அவற்றால் வரும் சிக்கல்களுக்கும் 36 மாதம் காத்திருப்பு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 48 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம் என்று இருந்ததை அதே 2024இல்தான் 36 ஆகக் குறைத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் பாலிசி கைக்கு வந்தது. பிரீமியம் 31,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 36,580 ரூபாய்.

விண்ணப்பத்தில் ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பாலிசியை இடைவிடாமல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருந்தால், அதன் பிறகு 'முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை' என்று கூறி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். இந்தக் காலமும் முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்து 2024இல் குறைக்கப்பட்டது. நாம் முதலிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அந்த ஐந்து ஆண்டும் நிம்மதியாகவே கழியும்.

இங்கேதான் குழுக் காப்பீட்டின் உண்மையான இடம் எனக்குத் தெளிவானது. அம்மாவின் சொந்தப் பாலிசி 36,580 ரூபாய் வாங்கிக்கொண்டும், சர்க்கரையால் வரும் எதற்கும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு ரூபாய் தராது. அந்த மூன்று ஆண்டுகளுக்கு நடுவில் அவரைத் தாங்கிப் பிடிப்பது அலுவலகம் தரும் அந்த 2 லட்சம் ரூபாய்தான். வைகையில் பாலம் கட்டி முடிக்கும் வரை மக்கள் தற்காலிகப் பாதையில் போவதைப் போல, நாங்களும் சொந்தப் பாலிசி பயனுக்கு வரும் வரை குழுக் காப்பீட்டின் மேல் நடந்துகொண்டிருக்கிறோம். ஆகவே இதை விடலாமா என்ற கேள்விக்கு விடை பிரீமியத்தில் இல்லை என்று நான் நினைக்கிறேன். வீட்டில் யாருக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது, அவருடைய சொந்தப் பாலிசியில் காத்திருப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால் விடை தானாக வரும்.

கண்புரைக்கு மட்டும் நான் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு இடக் கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. சொந்தப் பாலிசியில் அதற்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்பு, குழுக் காப்பீட்டில் 25,000 ரூபாய் வரம்பு. ஆனால் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில், வசதிக்கேற்ற கட்டணத்திலும் கட்டணமே இல்லாமலும் கண்புரை அறுவை செய்துகொள்ள முடியும் என்பதால், காப்பீட்டை எடைபோடும்போது அந்த ஒன்றைத் தராசில் வைக்காமலே விடலாம்.

இனி அதன் பெருங்குறை. குழுக் காப்பீட்டின் உரிமையாளர் நிறுவனம். நாம் அதில் ஒரு பெயர் மட்டுமே. எங்களோடு வேலை பார்த்த ஒருவர் சென்ற ஆண்டு வேறு நிறுவனத்தில் இடம் கிடைத்து விலகினார். கடைசி வேலை நாளான வெள்ளிக்கிழமையோடு அவர் குடும்பத்தின் பெயர்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. புதிய நிறுவனத்தில் சேரப் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளுக்குள் அவர் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகி, குழந்தை பன்னிரண்டு நாள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. கடைசியில் தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள் என்றாலும், அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்துத்தான் மருத்துவமனையில் கணக்கு முடித்தார். விலகும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது என்பதும், குழுவில் இருந்த காலம் காத்திருப்பில் கழியும் என்பதும் அவருக்குத் தெரியாது. எங்கள் மனிதவளப் பிரிவும் சொல்லவில்லை. வேலையை விடுவதாக எழுதிக்கொடுக்கும் அன்றே இதையும் கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டும்.

இன்னொரு குறை, பாலிசி ஆவணத்தை ஊழியர் கையில் தருவதில்லை. மூன்று ஆண்டுகளாக எங்களுக்குக் கிடைத்தது பெயரும் எண்ணும் அச்சிட்ட அட்டை மட்டுமே. அறை வாடகை வரம்பு எந்தத் தாளில் இருக்கிறது என்று நான் கேட்ட பிறகுதான் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதை 2023லேயே படித்திருந்தால் அந்த 25,230 ரூபாய் என்னிடம் இருந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் வரம்புகள் மாறக்கூடும் என்பதால், படிவத்தோடு அந்தச் சுருக்கத்தையும் கேட்டு வாங்குவதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன்.

பெற்றோர் பகுதியின் பிரீமியம் 9,000 ரூபாயில் தொடங்கி 11,000, 12,500 என்று ஏறி இந்த ஆண்டு 14,000 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. ஏறுவதன் காரணம் விளங்காத ஒன்றில்லை. ஊழியர் பகுதியில் எல்லோரும் சேர்ந்திருப்பதால் நோயில்லாதவர்களின் பணம் நோயுள்ளவர்களுக்கு உதவுகிறது. பெற்றோர் பகுதியிலோ விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்கிறார்கள், பெற்றோருக்கு நோய் உள்ளவர்களே விரும்பிச் சேர்கிறார்கள், கோரிக்கைகள் கூடுகின்றன, அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறுகிறது, ஏறியதைப் பார்த்து நலமாக உள்ள பெற்றோரின் பிள்ளைகள் விலகுகிறார்கள். 500 ரூபாய் கொடுத்து ஊழியர் பகுதியிலும் ஆட்களை விலகச் செய்தால், நாளைக்கு அங்கேயும் இதேதான் நடக்கும் என்று மனிதவளப் பிரிவில் சொல்லிவிட்டு வந்தேன். இதற்கு மேல், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது, குழுக் காப்பீட்டுக்கு நீக்கவில்லை. அதனால் 14,000 ரூபாய்க்கு எங்களிடம் பிடிப்பது 16,520 ரூபாய். அம்மாவின் சொந்தப் பாலிசியோ 2025 அக்டோபரில் 33,000 ரூபாய்க்குப் புதுப்பிக்கப்பட்டது. அடிப்படைப் பிரீமியம் 2,000 ரூபாய் ஏறியும், வரி போனதால் முந்தைய ஆண்டைவிட 3,580 ரூபாய் குறைவாகவே கட்டினேன்.

கணவரின் அரசுக் காப்பீடு இருக்கும்போது என் பெயரில் இன்னொன்று எதற்கு என்பதே என்னைக் கையெழுத்தின் விளிம்பு வரை கொண்டுபோன கேள்வி. அந்தத் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கியபோது அவர் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்கள். நான்கு ஆண்டுக் காலத்துக்கு 5 லட்சம் ரூபாய், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை என்று அப்போது வகுத்திருந்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளும் சிகிச்சைகளும் பட்டியலில் இருக்க வேண்டும். திருமணமான ஊழியரின் பெற்றோருக்கு அதில் இடமில்லை. இரண்டு காப்பீடு இருந்தால் எதில் முதலில் கேட்பது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம், ஒன்றில் தீராத மீதியை மற்றொன்றில் கேட்கலாம். பில்லுக்கு மேல் மட்டும் வாங்க முடியாது. பட்டியலுக்கு வெளியே உள்ள சிகிச்சைக்கும், அந்தத் தொகையில் பெரும்பகுதி ஒரே நோயில் தீர்ந்துபோகும் நிலைக்கும் என் அலுவலகக் காப்பீடு தேவைப்படும் என்ற முடிவுக்கு நாங்கள் இருவரும் வந்தோம்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் எதை வாங்கும் என்றும் பார்த்தோம். எங்கள் நால்வருக்கும் 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்ப பாலிசி கேட்டபோது ஆண்டுக்கு 21,400 ரூபாய் என்றார்கள். அதிலும் முதல் முப்பது நாளுக்கு விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் இல்லை, பட்டியலிட்ட சில நோய்களுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். நிறுவனம் கட்டும் பிரீமியம் நம் வருமானமாகக் கணக்கிடப்படுவதும் இல்லை. விட்டுக்கொடுப்பதற்குத் தரும் பணம் அந்தக் குடும்ப பாலிசியின் பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட வராது. இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது கையெழுத்திட இருந்த நால்வரில் இரண்டு பேர் படிவத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாமவர் உசிலம்பட்டிப் பக்கம் இருந்து தினமும் பேருந்தில் வரும் இளைஞர், இருபத்தாறு வயது, திருமணம் ஆகவில்லை, சொந்தப் பாலிசி எதுவும் இல்லை. வண்டித் தவணைக்கு 500 ரூபாய் உதவும் என்றார். இருசக்கர வண்டியில் நான்குவழிச் சாலையைக் கடக்கும் ஒருவர், இருக்கும் ஒரே காப்பீட்டை வண்டியின் தவணைக்காக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை அவரிடம் அக்காவாக நேரடியாகவே சொன்னேன். ஆண்டு நடுவில் மனம் மாறினால் திரும்பச் சேர முடியாது, அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்த பிறகு அவரும் யோசிக்கிறார். நான்காமவர் விலகியதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அவர் ஆறு ஆண்டுகளாக இடைவிடாமல் 10 லட்சம் ரூபாய் குடும்ப பாலிசி வைத்திருக்கிறார், எல்லாக் காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது. மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார், அங்கும் குடும்பத்துக்குக் காப்பீடு உண்டு. பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். அவரிடம்கூட ஒன்றைச் சொன்னேன்: சிறிய செலவுகளை அலுவலகக் காப்பீட்டில் வாங்கிக்கொண்டால் சொந்தப் பாலிசியில் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குச் சேரும் போனஸ் குறையாமல் இருக்கும். மனைவியின் காப்பீட்டில் அதைச் செய்துகொள்வதாகச் சொன்னார். அது நியாயம்.

மார்ச் 20 அன்று என் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் 'ஆம்', அம்மாவின் பெயருக்கு நேரேயும் 'ஆம்', அடியில் இருந்த 500 ரூபாய்க் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. எங்கள் நால்வருக்கான குடும்ப பாலிசியை ஜூன் மாதத்துக்குள் எடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறோம். அம்மாவின் சொந்தப் பாலிசியில் 36 மாதம் முடிவது 2027 அக்டோபரில். குழுக் காப்பீட்டைப் பாதியில் விட முடியாது என்பதால் 2027 மார்ச்சில் வரும் படிவத்திலும் அவர் பெயருக்கு நேரே 'ஆம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். 2028 மார்ச்சில் வரும் படிவத்தில்தான் அந்த ஒரு கட்டத்துக்கு 'வேண்டாம்' என்று எழுதுவேன். நாள்காட்டியில் இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.